தேக்கிலையில் இறங்கிய வெண்ணி

மலையடிக் காட்டில், கறையான் புற்று ஒன்றின் அடியில், வெண்ணி என்ற சுண்டெலி இருந்தாள். வளைதான் அவள் உலகம். வெளியே வந்தால் புல். அதற்கு அப்பால் இன்னும் கொஞ்சம் புல். தான் இருக்கும் காடு எவ்வளவு பெரியது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் படுக்கைக்காக, அப்போதுதான் உதிர்ந்த தேக்கிலை ஒன்றைப் புற்றின் உச்சியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு காற்று. இலை அவளையும் சேர்த்துத் தூக்கியது. ஒரு புதரின் உயரம் போனாள். பிறகு, யாரோ கையில் ஏந்தி இறக்கி வைத்தது போல மெதுவாகத் தரைக்கு வந்தாள்.

அன்று முழுக்க அவள் ஒரு தானியம்கூடத் தின்னவில்லை. மேலே போன அந்த ஒரு நொடியையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, கிழிசல் இல்லாத ஒரு பெரிய தேக்கிலையைத் தேடி எடுத்தாள். ஓரங்களில் துளையிட்டுக் கற்றாழை நார் கோத்தாள். நார்களின் மறுமுனைகளை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பாறை உச்சியை நோக்கி நடந்தாள்.

வழியில் தும்பை என்ற முயல் மறித்தாள். இருவரும் நெடுநாள் சிநேகிதிகள்.

"எங்கேடி போகிறாய், இந்தக் கோலத்தில்?"

"சடையன் அண்ணனைப் பார்க்க. வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லப் போகிறேன். அங்கிருந்து குதிக்கப் போகிறேன்."

தும்பையின் காதுகள் விறைத்து நின்றன. சடையன் ஒரு பிணந்தின்னிக் கழுகு. தலையில் ஒரு முடிகூட இல்லாவிட்டாலும் பெயர் என்னவோ சடையன்தான்.

"உனக்குப் புத்தி பிசகிவிட்டதா? செத்ததைத் தின்கிறவன் அவன். நீ விழுந்து செத்தால் அவனுக்கு விருந்து. இது தெரியாமலா உன்னைத் தூக்கிக்கொண்டு போவான்?"

வெண்ணிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கால்கள் மேலேதான் ஏறின.

பாறை உச்சியில் சடையன் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தான். அவள் கேட்டதைக் கேட்டதும், சிறகை மடக்கவும் மறந்து நின்றான்.

"உயிரோடு என்னைத் தேடி இதுவரை யாரும் வந்ததில்லை" என்றான்.

"நான் செத்துப்போனால் தின்றுவிடுவாயா, அண்ணே?"

"தின்பேன். அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ சாக வேண்டும் என்று ஒருநாளும் நினைக்க மாட்டேன். முடிச்செல்லாம் பார்த்தாயா?"

வெண்ணி பார்த்தாள். ஒவ்வொரு நாரையும் பல்லால் கடித்து இழுத்தாள். இலையை வெயிலில் பிடித்து ஓட்டை தேடினாள். பயத்தில் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். பிறகுதான் சடையனின் முதுகில் ஏறிக்கொண்டாள்.

சடையன் சிறகை அடிக்கவே இல்லை. சூடான காற்று அவனைச் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றியது. மரங்கள் புதர்களாயின, புதர்கள் பாசியாயின. யானைகள் குடிக்கும் ஆறு ஒரு நார் போலக் கிடந்தது. வெண்ணி தன் புற்றைத் தேடினாள். அது எங்கேயும் இல்லை. அவள் வாழ்நாள் முழுக்க ஓடிய இடம் ஒரு பொட்டு அளவுகூட இல்லை.

"இன்னும் நேரம் இருக்கிறது. வேண்டாம் என்றால் சொல், இறங்கிவிடலாம்" என்றான் சடையன்.

வெண்ணி கீழே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கண்ணை மூடினாள். பிடியை விட்டாள்.

காற்று இரைந்தது. மீசை மயிர் எல்லாம் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான், முடிந்தேன் என்று நினைத்தாள். அந்த நேரத்தில் தலைக்கு மேலே படீரென்று ஒரு சத்தம். இலை விரிந்தது. இடுப்பை யாரோ வெடுக்கென்று பிடித்து நிறுத்தியது போலிருந்தது.

அதன் பிறகு சத்தமே இல்லை.

வெண்ணி கண்ணைத் திறந்தாள். காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. சுற்றிலும் நீலம். ஒரு வெண்மேகம் அருகில் வந்து அவளை ஈரமாக்கிவிட்டுப் போனது. காடு முழுவதும் அவளுக்குக் கீழே மூச்சு விட்டபடி படுத்திருந்தது. இத்தனை பெரிய உலகத்திலா இத்தனை நாள் இருந்தோம் என்று அவளுக்குக் கண்ணீர் வந்தது.

புல்வெளியில் இறங்கியபோது தும்பை பதறி ஓடி வந்தாள்.

"அடி பட்டதா? ஏன் அழுகிறாய்?"

"இன்னொரு முறை போக வேண்டும்" என்றாள் வெண்ணி.

மறுநாள் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். காற்றில் உடம்பைச் சாய்த்து இடம் வலம் திரும்பக்கூடப் பழகிவிட்டாள். பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஒருநாள் காலை, சடையனின் முதுகில் தாவி ஏறினாள்.

"முடிச்சைப் பார்த்தாயா?"

"எல்லாம் நேற்றுப் போட்ட முடிச்சுத்தான் அண்ணே, அப்படியே இருக்கும். நீ கிளம்பு."

இரவு பெய்த பனியில் நார் ஊறித் தளர்ந்திருந்தது. வெண்ணி குதித்தாள். இலை விரிந்த வேகத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. இலை ஒருபக்கமாகச் சரிந்தது. அவள் பம்பரம் போலச் சுழன்றாள். வானம், காடு, வானம், காடு. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை.

"அண்ணே!"

சடையன் சிறகுகளை ஒடுக்கிக்கொண்டு கல் போல விழுந்தான். அவளைக் கடந்து கீழே போய், சிறகை விரித்து முதுகைக் கொடுத்தான். வெண்ணி அவன் மேல் பொத்தென்று விழுந்து, இறகுகளைப் பல்லால் கவ்விக்கொண்டாள்.

தரைக்கு வந்த பிறகும் அவள் கவ்விய இறகுகளை விடவில்லை. கீழே புல்வெளியில் காத்திருந்த தும்பை சடையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கி அவன் அருகே போய் உட்கார்ந்தாள்.

"இனிமேல் போக மாட்டாய்தானே?" என்று கேட்டாள் தும்பை.

வெண்ணி அவிழ்ந்த நாரை எடுத்துப் பார்த்தாள். "போவேன்" என்றாள். "முதல் நாள் என்னைக் காப்பாற்றியது என் பயம்தான். அதுதான் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்க்க வைத்தது. பயம் போனதும் பார்ப்பதையே விட்டுவிட்டேன்."

அடுத்த நாள் புதிய இலை தேடினாள். காய்ந்த நாரை எடுத்தாள். ஒவ்வொரு முடிச்சையும் கடித்து இழுத்துப் பார்த்தாள். சடையன் அவசரப்படாமல் காத்திருந்தான்.

அன்று தூரத்து மலையில் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது. முதுகில் வெயில் விழ, வெண்ணி தேக்கிலையின் அடியில் தொங்கியபடி இறங்கினாள். எதிரே வானவில் தெரிந்தது. கீழிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு வளைவு. அவளுக்கோ அது முழு வட்டமாக, தொடக்கமும் முடிவும் இல்லாமல் நின்றது. அவள் மூச்சு விடவும் மறந்து பார்த்தாள்.

பயம் போன பிறகும் கவனத்தை விடாதவர்களே, தாங்கள் ஆசைப்பட்ட வானத்துக்கு மறுபடியும் மறுபடியும் போய் வருவார்கள்.