அக்கரைக் குகையில் குடியேறிய கரடி

தேக்கங்காட்டில் பெருங்கையன் என்ற கரடி தேன் வியாபாரம் செய்துவந்தது. மேற்குச் சரிவில் இருந்த பெரிய மரங்களில் எல்லாம் தேனடைகள் தொங்கின. பத்துக் குரங்குகள் கரடியிடம் வேலை பார்த்தன. அவை மரமேறித் தேன் எடுத்து வரும். கரடி அதைச் சுரைக் குடுக்கைகளில் நிரப்பி விற்கும். ஒரு குடுக்கைத் தேனுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். கரடியிடம் தேன் வாங்காதவர்களே காட்டில் இல்லை!

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யார் எதைத் தேடிக் கொண்டுவந்தாலும் பத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்குக் கொடுக்க வேண்டும். தலைவி யானை அதை வாங்கி, காட்டுக்காக உழைக்கும் காட்டுப்பன்றிகளுக்குச் சாப்பாடு போடும். பன்றிகள் கோடை வருவதற்கு முன்பே காட்டைச் சுற்றிக் காய்ந்த புல்லைக் கிளறி எறிந்துவிடும். தீ தாண்டி வர முடியாதபடி வெறும் மண்ணாக ஓர் அகலமான கோடு போட்டுவிடும்.

அணில் பத்துக் கொட்டைக்கு ஒரு கொட்டை கொடுத்தது. முயல் பத்துக் கிழங்குக்கு ஒரு கிழங்கு கொடுத்தது. கரடியும் பத்துக் குடுக்கைக்கு ஒரு குடுக்கை கொடுத்துவந்தது. ஆனால் கொடுக்கும்போதெல்லாம் அதற்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் கரடி ஆற்றங்கரையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்கரைப் பாறைக்காட்டில் இருந்து ஒரு நரி நீந்தி வந்தது.

"என்ன அண்ணே! தேன் விற்கிறவர் முகத்தில் இவ்வளவு கசப்பு?"

"பின்னே என்ன? நூறு குடுக்கை எடுத்தேன். பத்துக் குடுக்கை பொதுவுக்குப் போய்விட்டது! அந்த அணில் கொடுப்பது ஒரே ஒரு கொட்டை!"

நரி கண்ணைச் சிமிட்டியது. "உங்கள் வீடு இந்தக் காட்டில் இருப்பதால்தானே பங்கு கேட்கிறார்கள்? வீட்டை எங்கள் பாறைக்காட்டுக்கு மாற்றிவிடுங்கள். எங்களிடம் பங்கு என்ற பேச்சே கிடையாது. வருடத்துக்கு ஒரு குடுக்கை எனக்குக் கொடுத்தால் போதும்!"

"ஐயோ, அங்கே வெறும் பாறைதானே! படுத்தால் முதுகு வலிக்குமே!"

"யார் அங்கே படுக்கச் சொன்னது? ஒரு கால்தடம் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்!"

கரடி நரியோடு ஆற்றைக் கடந்தது. பாறைக்காட்டில் ஒரு குகை இருந்தது. அதன் சுவர் முழுக்கக் கால்தடங்கள். வாசலில் ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது.

"இத்தனை பேரும் இங்கேயா குடியிருக்கிறார்கள்?" என்று கரடி கேட்டது.

"ஆமாம்! முப்பத்தேழு பேர்!"

"ஒருவரையும் காணோமே?"

"கொஞ்சம் வெளியே போயிருக்கிறார்கள்!"

"எப்போது போனார்கள்?"

"போன வருடம்!"

கரடி வாய்விட்டுச் சிரித்தது. சேற்றில் காலை முக்கிச் சுவரில் அழுத்தியது. முப்பத்தெட்டாவது ஆளாகக் குடியேறிவிட்டது!

அடுத்த முறை தலைவி யானை பங்கு கேட்டு வந்தது.

"நான் இப்போது பாறைக்காட்டுக்காரன். இங்கே விருந்தாளி!" என்றது கரடி.

"விருந்தாளி பத்துக் குரங்குகளை வைத்துத் தேன் எடுக்குமா, பெருங்கையா?"

"எடுக்கக்கூடாது என்று வழக்கத்தில் இருக்கிறதா, அம்மா?"

யானை யோசித்துப் பார்த்தது. அப்படி ஒன்றும் இல்லை. திரும்பி நடந்தது.

வழியில் அணில் ஓடி வந்தது. "அம்மா, நானும் அக்கரைக்குப் போய் ஒரு கால்தடம் வைத்துவிட்டு வரட்டுமா?"

"அந்த ஆற்றை உன்னால் நீந்த முடியுமா?"

"முடியாதே!"

"முயலாலும் முடியாது. நீந்த முடிந்தவர்கள் போய்விட்டால், முடியாதவர்கள்தான் மொத்தத்தையும் சுமக்க வேண்டும்" என்று யானை பெருமூச்சு விட்டது.

அந்த வருடம் பொதுவில் சாப்பாடு குறைந்தது. பாதிப் பன்றிகள் பசி தாங்காமல் மலைக்கு அப்பால் கிழங்கு தேடிப் போய்விட்டன. மிச்சம் இருந்தவை கிழக்கில் தொடங்கி மண்ணைக் கிளறிக்கொண்டே வந்தன. மேற்குச் சரிவுக்கு வருவதற்குள் கோடை வந்துவிட்டது.

ஒரு நண்பகலில் மேற்குச் சரிவில் புகை எழுந்தது. "தீ! தீ!" என்று குரங்குகள் கத்தின.

கரடி பதறிப்போய் ஆற்றில் குதித்தது. மூச்சிரைக்கக் குகை வாசலுக்கு ஓடியது.

"உதவிக்கு ஆள் அனுப்பு! பெருங்கையனின் மரங்கள் எரிகின்றன!"

"பெருங்கையன் இங்கேதான் குடியிருக்கிறார். கொஞ்சம் வெளியே போயிருக்கிறார்!" என்றது பல்லி.

"அடேய், நான்தான் பெருங்கையன்!"

"அப்படியா? உங்களை இந்தப் பக்கம் பார்த்த நினைவே இல்லையே!"

கரடி நரியைத் தேடி ஓடியது. நரி நிழலில் படுத்துத் தேன் நக்கிக்கொண்டிருந்தது.

"தீயை அணைக்க ஆளா? யாரிடமும் பங்கு வாங்காத காட்டில் அதற்கெல்லாம் ஆள் ஏது, அண்ணே?" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் நக்கத் தொடங்கியது.

கரடி அழுதுகொண்டே திரும்பி நீந்தியது. சரிவில் ஏறியதும் திகைத்து நின்றது. தலைவி யானை துதிக்கையால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பன்றிகள் மண்ணைக் கிளறின. முயல் சருகுகளைத் தள்ளியது. அணில்கூட இரண்டு கைகளாலும் மண்ணை வாரி எறிந்தது.

கரடிக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"நின்று வேடிக்கை பார்க்காதே! உன் நகம் எவ்வளவு பெரியது! வா, மண்ணைக் கிளறு!" என்று யானை அதட்டியது.

கரடி பாய்ந்தது. புல்லைப் பிடுங்கியது. நான்கு பன்றிகளின் வேலையைத் தனியாகச் செய்தது. சாயங்காலம் தீ அடங்கியது. சில மரங்கள் கருகிப் போயின. பெரும்பாலானவை தப்பிவிட்டன!

கரடி கைகூப்பியது. "பங்கு கொடுக்காதவனின் மரங்களை எதற்காகக் காப்பாற்றினீர்கள்?"

"உங்கள் மரமா? என் கூடு அதில்தானே இருக்கிறது!" என்றது அணில்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். கரடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது.

மறுநாளே கரடி இந்த முறைக்கான பங்கோடு முன்பு கொடுக்காமல் விட்ட பங்கையும் சேர்த்துக் கொண்டுவந்தது. கூடவே, "தேன் எந்தக் காட்டில் கிடைக்கிறதோ, பங்கும் அந்தக் காட்டுக்கே! வீடு எங்கே இருந்தாலும் சரி. இதையும் வழக்கத்தில் சேர்த்துவிடுங்கள், அம்மா!" என்று சொன்னது.

மலைக்கு அப்பால் போன பன்றிகள் திரும்பி வந்தன. முதல் மழை பெய்த அன்று காட்டில் பெரிய விருந்து நடந்தது. குரங்குகள் தாளம் போட, பெருங்கையன் சேற்றில் குதித்துக் குதித்து ஆடியது!

ஓர் இடத்தின் வளத்தால் வாழ்கிறவர், அந்த இடத்தைக் காக்கவும் தம் பங்கை மறைக்காமல் கொடுக்க வேண்டும்.