காவலுக்கு ஆள் வேணும்

நாடு பூரா காவலுக்கு ஆள் போடணும்னு ஒரு ராஜாவுக்கு ஆசை வந்துச்சு. ஊருக்கு ரெண்டு காவலர். வேலையக் காவல் தலைவர் செங்கோடன்கிட்ட ஒப்படைச்சு, ஆளெடுக்கப் பணமும் குடுத்தாரு. குடுத்துட்டு ஒரு வார்த்தை சொன்னாரு: "தேர்த் திருவிழாக்குள்ள ஆள் சேரலைன்னா, காவலையும் தளபதிகிட்டயே குடுத்துடுவேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் செங்கோடனோட தூக்கத்தக் கெடுத்துச்சு. வேற யார்கிட்ட குடுத்தாலும் பரவாயில்ல. தளபதிகிட்டயா?

திருவிழா நெருங்கிடுச்சு. சேந்த ஆளு கொஞ்சம். அதுலயும் பாதிப்பேரு ஓடிட்டாங்க. செங்கோடன் தன் குருவத் தேடிப் போனாரு.

குரு குடிசை வாசல்ல அவரைக்காய்க்கு நார் உரிச்சுக்கிட்டிருந்தாரு. பக்கத்துல அவரோட நாய் பூசணி, கயித்துல கட்டிக் கிடந்துச்சு. எதிர வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் தளபதியோட பாசறை.

"சாமி, ஆளே தங்க மாட்டேங்குது."

"ஏம்ப்பா?"

"எல்லாம் அந்தத் தளபதி. என்கிட்ட சேந்தவனையெல்லாம் படைக்கு இழுத்துக்கறான். அங்க மீசைக்குத் தனிப் படி சாமி! முறுக்கிவிட எண்ணெய் வேற! காலையில ஆளுக்கு ரெண்டு முட்டை. அவன் குதிரை பேரு வெண்ணிலா. அதுக்குக் கொள்ளோட வெல்லம். அவன் நடக்கறத நீங்க பாக்கணுமே!"

செங்கோடன் எழுந்தாரு. நெஞ்ச நிமித்தி, மீசையத் தடவி, ரெண்டு எட்டு வெச்சுக் காட்டுனாரு. தளபதியே வந்த மாதிரி இருந்துச்சு. பூசணி குரைச்சுச்சு.

"அச்சு அசல்"னாரு குரு. "ராஜா குடுத்த பணம்?"

செங்கோடன் உக்காந்துட்டாரு.

"ஒரு குதிரை வாங்கினேன் சாமி."

"ம்."

"வெண்ணிலாவ விட ஒரு பிடி உசரம். தலைவன் நடந்துபோய்க் கூப்பிட்டா எவன் வருவான்?"

"வந்தவனுக்கு என்ன சோறு?"

"கூழு. தேர் முடியட்டும், பாத்துக்கலாம்னு சொல்லியிருக்கேன்."

குரு இன்னொரு காய எடுத்தாரு.

"பாசறையில இன்னிக்கு என்ன சமையல்னு தெரியுமா?"

"தெரியலையே!" செங்கோடன் கண்ணு பளபளன்னுச்சு.

"பூசணியக் கூட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வா. நாய் பத்திரம். எனக்குக் காவலுக்கு இருக்கறது அது ஒண்ணுதான்."

கயித்தப் புடிச்சுக்கிட்டுப் போனவரு, போன வேகத்துல திரும்பி வந்தாரு.

"ஆட்டுக்கறி சாமி! அண்டா அண்டாவா! மேல கொத்தமல்லி தூவறான். படைக்கு எதுக்குக் கொத்தமல்லி? சமையக்காரன் தலையில பட்டுத் தலப்பா! சாப்பிட உக்கார ஆளுக்கொரு மணப்பலகை—"

"செங்கோடா."

"என்ன சாமி?"

"கயித்தோட அந்த முனையில என்ன இருக்கு?"

செங்கோடன் திரும்பிப் பாத்தாரு. வெறும் சுருக்கு மண்ணுல கிடந்துச்சு.

"பாத்தீங்களா சாமி! நாயையும் இழுத்துக்கிட்டான்!"

குரு வேலிப் பக்கம் பாத்து, "ஏய் பூசணி"ன்னு ஒரு குரல் குடுத்தாரு.

கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் வேலியில ஒரு சலசலப்பு. வாயில எலும்போட பூசணி ஓடி வந்து குரு காலடியில படுத்துச்சு.

"ஓடிப்போன உன் ஆளுங்களும் அங்கதானே இருக்காங்க?"

"அங்கதான் சாமி. இப்பகூட அண்டாவச் சுத்தி நிக்கறானுங்க."

"வேலிகிட்டப் போ. ஒருத்தனையாவது பேர் சொல்லிக் கூப்பிடு."

செங்கோடன் போனாரு. ரெண்டு கையாலயும் வேலியப் புடிச்சாரு. மூச்ச நல்லா இழுத்தாரு. வாயத் திறந்தாரு.

நாக்கு நுனியில வந்து நின்னது ஒரே ஒரு பேருதான்.

வெண்ணிலா.