கடைசித் தோட்டத்துக் கண்ணி

மலையடிவாரத்தில், ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஓர் எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. அதற்கு மேலே வேறு தோட்டம் கிடையாது. வனத்துறை நட்ட எல்லைக்கல் வரிசை ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் காடு.

தோட்டம் உலகம்மையுடையது. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவர் காவி கட்டியவரல்ல, பிரசங்கம் செய்தவரும் அல்ல. காலையில் பாத்தி வெட்டுவார். மாலையில் சும்மா உட்கார்ந்திருப்பார். அவர் சும்மா இருப்பதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். சிலர் ஏதாவது கேட்பார்கள். சிலர் கேட்க வந்ததை மறந்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர் சொரிமுத்து. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். உலகம்மையைவிட நன்றாகவே மூத்தவர். அவர் "தாயி" என்பார். உலகம்மை "அண்ணாச்சி" என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுவது ஊருக்கு வேடிக்கை. அவர்கள் இருவருக்கும் அப்படித் தோன்றவில்லை.

சொரிமுத்துவுக்கு அங்கே எல்லாம் பிடித்திருந்தது. ஒன்றுதான் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அந்தத் தோட்டத்துக்குள் யார் வேண்டுமானாலும் நுழைந்தார்கள்.

ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அத்துமீறி வாரவங்கள என்ன செய்யணும், தாயி?"

"யாரு வாரா?"

"யாரு வந்தா என்ன? அத்துமீறல் அத்துமீறல்தான."

"ஆளைப் பாக்காம எப்படி அண்ணாச்சி சொல்ல?"

அப்போது விறகுக்காரப் பெண்கள் தலைச்சுமையோடு காட்டிலிருந்து தோட்டத்துக்குள் இறங்கினார்கள். சுற்றிப் போனால் ஓடை வழியாகப் போக வேண்டும். அது யானை வருகிற வழி. உலகம்மை எழுந்துபோய் ஒருத்தியின் சுமையை இறக்கினார். கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இது பச்சை மரம்லா, கோமு."

கோமு தலையைக் குனிந்தாள். "காஞ்சது கிடைக்கல, தாயி."

"கிடைக்காத அன்னைக்கு என்கிட்ட கேளு. கவாத்து பண்ணி வெட்டின கிளை கிடக்கு. தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அவர்கள் குடித்தார்கள், போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுனிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. தோட்டத்தின் வழியே நடந்து ஓடையில் இறங்கிப் பாட்டை அலறவிட்டார்கள். பாட்டில்கள் பாறையில் உடைந்தன. சொரிமுத்து கம்பை எடுத்தார். உலகம்மை குடத்தை எடுத்தார். குடம் நிறைய எலுமிச்சைச் சாறு கரைத்துக்கொண்டு நேரே அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தார்.

"என் தோட்டத்துக்கு வந்துட்டு ஒரு வாய் குடிக்காமப் போனா ஊரு என்னைய ஏசும். குடிங்க மக்கா. நீ எந்த ஊரு? உங்கம்மை பேரு என்ன?"

பாட்டு நின்றது. ஒவ்வொருவனாக ஊரைச் சொன்னான், தாய் பெயரைச் சொன்னான். தாய் பெயரைச் சொன்ன பிறகு யாருக்கும் பாட்டிலைத் தொடக் கை வரவில்லை. உலகம்மை ஒரு சாக்கை விரித்து, உடைந்த கண்ணாடியைப் பொறுக்க ஆரம்பித்தார். அவர் இரண்டாவது துண்டை எடுப்பதற்குள் அத்தனை பேரும் குனிந்திருந்தார்கள்.

சொரிமுத்து கம்பை மரத்தில் சாய்த்தார். எத்தனையோ திருவிழாக் கூட்டங்களை அடக்கியவர் அவர். லத்தி இல்லாமல் ஒரு கூட்டம் இப்படி அடங்கி அவர் பார்த்ததில்லை. அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் முள் இறங்கவில்லை.

"எல்லாருக்கும் தண்ணி குடுத்தா இது தோட்டமா, தண்ணிப்பந்தலா, தாயி?"

உலகம்மை சிரித்தார்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் சொரிமுத்து தோட்டத்தின் மேற்கு மூலைக்குப் போனார். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், புதருக்கடியில் ஒரு சருகுமான் செத்துக் கிடந்தது. முயல் அளவுதான் இருக்கும். கழுத்தில் கம்பிச் சுருக்கு. கம்பியின் மறுமுனை எலுமிச்சை மரத்தில் கட்டியிருந்தது. மான் இழுத்து இழுத்து, சுற்றிலும் மண்ணை உழுது போட்டிருந்தது. தள்ளிப் பார்த்தால் இன்னும் கண்ணிகள். எல்லாம் இருசக்கர வண்டியின் கிளட்ச் கம்பி.

சொரிமுத்துவுக்கு ரத்தம் தலைக்கேறியது. யாரிடமும் சொல்லாமல் அருவாளை எடுத்துக்கொண்டு போய் கருவேல முள்ளை வெட்டினார். விறகுக்காரிகள் வரும் பாதையை ஆளுயரத்துக்கு அடைத்தார். வியர்வை வடிய வந்து நடந்ததைச் சொன்னார்.

உலகம்மை முதலில் மேற்கு மூலைக்குப் போனார். மான் பக்கத்தில் வெகுநேரம் குந்தியிருந்தார். அதை அங்கேயே குழி தோண்டிப் புதைத்தார். பிறகு பாதைக்கு வந்து முள் அடைப்பின் முன் நின்றார்.

"கண்ணி வச்சவன் இந்தப் பாதையிலயா வந்தான், அண்ணாச்சி?"

"இல்ல தாயி. கால்தடம் காட்டுப் பக்கம்தான் இருக்கு. கல்லைத் தாண்டி வந்திருக்கான்."

"அப்போ இந்த முள்ளு யாருக்கு?"

சொரிமுத்து திரும்பிப் பார்த்தார். அடைப்பின் அந்தப் பக்கம் கோமுவும் மற்ற பெண்களும் சுமையோடு நின்றிருந்தார்கள். ஓடை வழியே போவதா, முள்ளைத் தாண்டுவதா என்று தெரியாமல் விழித்தார்கள்.

அவர் முள்ளை இழுத்து அகற்றினார். கையெல்லாம் கீறியது.

கடைசிக் கிளையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "சரி தாயி, இவங்களுக்குத் தண்ணி. கண்ணி வச்சவனுக்கு?" என்றார். குரலில் கோபம் இருந்தது. "அவனுக்கும் எலுமிச்சைச் சாறா?"

"யாருன்னு தெரியுமா?"

"கிளட்ச் கம்பி யாருகிட்ட இருக்கும்? ஒர்க்‌ஷாப் தளவாய்தான். சோத்துக்கு இல்லாதவன்னாலும் பரவால்ல. வாய் ருசிக்கு வைக்கான். வனத்துறைக்குச் சொல்லிருவோம்."

"சொல்லுங்க. நான் வேண்டாங்கல. ஆனா அவங்க வர நாளைக்கு மதியம் ஆயிரும். அவன் விடியக்காலம் வந்து பாத்துருவான்."

"அப்போ நாமளே பிடிப்போம்."

"பிடிப்போம்" என்றார் உலகம்மை. "ஆனா ஒண்ணு. நான் கூப்பிடாம நீங்க எந்திரிக்கக் கூடாது. என்ன நடந்தாலும்."

சொரிமுத்து ஒத்துக்கொண்டார். எதற்கு ஒத்துக்கொள்கிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

கிழக்கு வெளுக்கும்போது இருவரும் மேற்கு மூலையில் இருந்தார்கள். சொரிமுத்து ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கினார். சட்டைப்பையில் பழைய விசில் இருந்தது. உலகம்மையும் பக்கத்தில் வந்து பதுங்குவார் என்று இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்.

உலகம்மை வரவில்லை. பெரிய கண்ணி ஒன்றின் அருகே போய் உட்கார்ந்தார். சேலையைக் கணுக்காலுக்கு மேலே நகர்த்தினார். வலது காலைச் சுருக்குக்குள் விட்டு வெடுக்கென்று இழுத்தார். கம்பி இறுகியது.

சொரிமுத்து பாதி எழுந்துவிட்டார். உலகம்மை திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே அமர்ந்தார்.

வெளிச்சம் மெல்ல வந்தது. காட்டுக்கோழி கூவியது. உலகம்மையின் கணுக்காலில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாலைகளில் சும்மா உட்கார்ந்திருப்பாரே, அப்படியேதான் இருந்தார். சொரிமுத்துவுக்குத்தான் தம் காலில் கம்பி இறுகியதுபோல வலித்தது.

கல்லுக்கு அந்தப் பக்கம் சருகு நொறுங்கியது. தளவாய் வந்தான். அகலமான ஆள். கையில் அருவாள். புதருக்குள் ஏதோ அசைவதைக் கண்டதும் அருவாளை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தான். காயம்பட்ட பன்றியாக இருந்தால் முந்திக்கொள்ள வேண்டும்.

சொரிமுத்துவின் வாய்க்கு விசில் வந்துவிட்டது. ஊதவில்லை. ஒத்துக்கொண்ட வார்த்தை அவரைக் கட்டிப்போட்டிருந்தது.

தளவாய் கிளையை விலக்கினான். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"உலகம்மையம்மாவா?"

"நான்தான்."

"இங்க என்ன செய்யிதிய?"

"மாட்டிக்கிட்டேன், தளவாய்."

அவன் நாலாபக்கமும் பார்த்தான். ஒரு தாவு தாவினால் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் போய்விடலாம். அப்புறம் காடு. யார் போய்த் தேடுவது?

"எந்தப் பய வச்சானோ..." என்றான்.

உலகம்மை காலை ஒருமுறை இழுத்தார்.

"அசையாதிய!" தளவாய் கத்திவிட்டான். "இழுத்தா இன்னும் இறுகும்!"

"அப்படியா? அது தெரியாம அந்தச் சருகுமானு இழுத்துருக்கு."

தளவாயின் கையிலிருந்து அருவாள் இறங்கியது. பிறகு மண்டியிட்டு உட்கார்ந்தான். ஒரு கையால் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுருக்கைத் தேடினான். கம்பி தோலுக்குள் பதிந்திருந்தது. எத்தனையோ வண்டிகளின் கம்பியைக் கழற்றிய விரல்கள் அன்றைக்கு வழுக்கின.

"வலிக்கா?" என்றான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஆமாப்பா. வலிக்கு."

சுருக்கு அவிழ்ந்தது. அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கிழித்து அவர் காலில் சுற்றினான். அப்போதும் ஓடவில்லை.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டார் உலகம்மை.

"இருக்கு."

"நட. நானும் வாரேன்."

அவன் முன்னால் போனான். அவர் நொண்டிக்கொண்டே பின்னால் போனார். புதர் புதராக நின்று அவன் ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றினான். சொரிமுத்துவின் கண்ணில் படாத இடங்களில்கூட இருந்தன. எல்லாவற்றையும் சுருட்டி அவர் காலடியில் வைத்தான்.

"உன் கம்பிதான, எடுத்துட்டுப் போ. வண்டிக்கு ஆகும்" என்றார் உலகம்மை. "இனிமே வந்தா பாதையில வா. மறைஞ்சு வந்தா அண்ணாச்சி வனத்துறையக் கூட்டிட்டு வருவாரு. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

பாறையைப் பார்த்து, "எந்திரிங்க அண்ணாச்சி. கால் மரத்துருக்கும்" என்றார்.

சொரிமுத்து எழுந்து வந்தார். தளவாய் அவரைப் பார்த்தான். இவ்வளவு நேரமும் ஒரு போலீஸ்காரர் பத்தடி தூரத்தில் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கம்பிச் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான். கல்லைத் தாண்டிப் போகவில்லை. தோட்டத்துப் பாதையில் இறங்கி, எல்லார் கண்ணிலும் படும்படி ஊரைப் பார்த்து நடந்தான்.

சொரிமுத்து காயத்தைக் கழுவி மஞ்சள் அரைத்து வைத்தார்.

"அவன் அருவாளால வெட்டியிருந்தா என்ன ஆயிருக்கும், தாயி?"

"அது எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

சொரிமுத்து அவரை நிமிர்ந்து பார்த்தார். பயமில்லாமல் இருந்தார் என்றே நினைத்திருந்தார். பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கையில் மஞ்சள் இருந்ததால் கும்பிடவில்லை.

காயம் ஆறியது. தழும்பு தங்கிவிட்டது. நடையில் ஒரு சிறு சாய்வும் தங்கிவிட்டது. தளவாய் அந்தப் பக்கம் வரவே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் அவனிடம் யாராவது காட்டுக்கறி பற்றிப் பேச்செடுத்தால், எழுந்து உள்ளே போய்விடுகிறான் என்று கோமு வந்து சொன்னாள்.

எலுமிச்சை பூத்திருந்த ஒரு காலையில் அவனே வந்தான். பாதையில்தான் வந்தான். உலகம்மையின் முன்னால் போகக் கூச்சப்பட்டு, சொரிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஏட்டையா, ஓடைக் கரையில கண்ணி கிடக்கு. நைலான் கயிறு. நீங்க எங்கிட்ட கேக்கறதுக்கு முன்ன சொல்லிருதேன். அது என் முடிச்சு இல்ல."

"யாரு முடிச்சு?"

"தெரியல. வெளியூரு ஆளு மாதிரி இருக்கு. மிளா மானுக்கு வச்சுருக்கான். பெரிய சுருக்கு." கொஞ்சம் தயங்கினான். "அவன் என்னைய மாதிரி இருக்க மாட்டான். அம்மாவப் பாத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சொரிமுத்து உலகம்மையிடம் வந்தார். அவர் மரத்தடியில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். வலது காலில் அந்தத் தழும்பு வெயிலில் மின்னியது.

"ஓடைக் கரையில கண்ணி கிடக்காம், தாயி. வெளியூருக்காரன் வச்சது."

"ம்."

"இவன் வேற ஆளு. தளவாய் மாதிரி உக்காந்து அவுத்துவிட மாட்டான்."

"அப்படியா?"

"இவனுக்குப் பொறவு இன்னொருத்தன் வருவான். காடு இருக்கிற வரைக்கும் வந்துக்கிட்டேதான் இருப்பானுவ. ஒவ்வொருத்தனுக்கும் இப்படி ஒரு காலைக் குடுத்துக்கிட்டே இருப்பியளா?"

உலகம்மை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"எனக்கு இன்னொரு கால் இருக்குல்லா, அண்ணாச்சி. அதுக்குப் பொறவு உங்க கால் ரெண்டும் இருக்கு."

சொரிமுத்து குனிந்து தம் கால்களைப் பார்த்தார்.