புள்ளியம்மாவும் பன்னிரண்டு செருப்பும்

சளக்... சளக்... சளக்...

சேற்றில் எதையோ வைத்து வைத்து எடுக்கும் சத்தம். காரைப் புதருக்குள் அடைகாத்துக்கொண்டிருந்த கௌதாரி புள்ளியம்மா கழுத்தை நீட்டிக் கேட்டது. ஆள் கண்ணில் படவில்லை. ஆனால் யாரென்று புரிந்துவிட்டது. அந்தக் காட்டில் செருப்புப் போட்டுக்கொண்டு வேட்டைக்கு வருவது ஒரே ஒரு ஆள்தான். கீரி செங்கண்ணன்.

செங்கண்ணனிடம் மூன்று வகைச் செருப்பு இருந்தது. மழைக்குப் புரச இலையில் தைத்தது. வெயிலுக்கு வேலம்பட்டையில் வெட்டியது. பனிக்கு இலவம்பஞ்சு திணித்தது. கால் நான்கு என்பதால் மொத்தம் பன்னிரண்டு. எதிரே வருகிறவர்களிடம் எல்லாம் இந்தக் கணக்கைச் சொல்லாமல் விடாது.

புள்ளியம்மாவின் சிறகுக்குள் மூன்று குஞ்சுகள் இருந்தன. மூன்றும் ஓடக் கற்றுவிட்டன. நான்காவது முட்டையில் இப்போதுதான் விரிசல் விழுந்திருந்தது. உள்ளேயிருந்து குஞ்சு மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அது வெளியே வந்து, ஈரம் காய்ந்து, காலூன்றி நிற்கச் சாயங்காலம் ஆகிவிடும். இப்போதே ஓடினால் மூன்று பிழைக்கும். ஆனால் அந்தத் தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எப்படி ஓடுவது?

புதர் விலகியது. சிவந்த கண்கள் இரண்டு எட்டிப் பார்த்தன.

“என்ன புள்ளியம்மா, குடும்பம் பெருகிடுச்சுன்னு கேள்விப்பட்டேன்.”

“வாங்கண்ணே. வந்த வேலையைப் பாருங்க. ஆனா ஒண்ணு. தூறல் நின்னு எவ்வளவு நேரமாச்சு? இந்த வெயில்ல மழைச் செருப்போடயா வந்தீங்க?”

செங்கண்ணன் குனிந்து தன் கால்களைப் பார்த்தது. மேலே பார்த்தது. ஐப்பசி வெயில் சுள்ளென்று அடித்தது.

“அதனால என்ன?” என்றது, கொஞ்சம் குரல் இறங்கி.

“எனக்கு ஒண்ணுமில்ல. பாறை மேல உடும்பு படுத்திருக்கு. பார்த்தா நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிக்கும். பன்னிரண்டு வச்சிருந்து என்ன, எதை எப்போ போடணும்னு தெரியலியேன்னு.”

செங்கண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “இங்கேயே இரு. இதோ வந்துடறேன்.”

“முட்டையை விட்டு நான் எங்கண்ணே போகப் போறேன்?”

வளையில் செங்கண்ணனின் மனைவி காத்திருந்தது. “எங்கே இரை?”

“செருப்பு மாத்த வந்தேன்.”

“நீங்க பல்லால கடிக்கறீங்களா, செருப்பால கடிக்கறீங்களா?”

செங்கண்ணன் செருப்பை அவிழ்க்க உட்கார்ந்தது. ஈரத்தில் வார் முடிச்சுகள் இறுகிக் கிடந்தன. நான்கு காலிலும் அவிழ்த்து, நான்கு காலிலும் கட்டி முடிப்பதற்குள் சூரியன் மேற்கே சாய்ந்துவிட்டது.

டக்... டக்... டக்... பட்டைச் செருப்பு பாறையில் இடித்துக்கொண்டே வந்தது.

இதற்குள் முட்டையை உடைத்துக்கொண்டு நான்காவது குஞ்சு வெளியே வந்திருந்தது. நனைந்த பஞ்சு போலச் சுருண்டு கிடந்தது. நிற்க முடியவில்லை.

“இப்போ என்ன சொல்றே?” என்றது செங்கண்ணன், ஒரு காலைத் தூக்கிக் காட்டி.

“அம்சமா இருக்கு. ஆனா மத்தியானமே வந்திருக்கக் கூடாதா? புல் நுனியைப் பாருங்க. பனி இறங்க ஆரம்பிச்சாச்சு. இதைப் போட்டுக்கிட்டு பாய்ஞ்சா வழுக்கி விழுவீங்க. பல்லு போச்சுன்னா அப்புறம் வேட்டையே இல்லை.”

செங்கண்ணன் சந்தேகத்தோடு பார்த்தது. “என்னை ஏமாத்தறியா?”

“ஏமாத்தி நான் என்னத்தைக் காணப் போறேன்? காலையில இருந்த இடத்துலதானே இப்பவும் இருக்கேன்.”

அது உண்மைதான். செங்கண்ணன் யோசித்தது. பஞ்சுச் செருப்பைத் தைத்த நாள் முதலாக அதைப் போட்டுக்கொள்ள ஒரு நல்ல பனி வரவில்லையே என்ற ஏக்கம் வேறு அதற்கு இருந்தது. திரும்பி வீட்டுக்கு ஓடியது.

புள்ளியம்மா கடைசிக் குஞ்சை மார்போடு அணைத்து உலர்த்தியது. குஞ்சு எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்து இரண்டடி வைத்தது.

“போதும் கண்ணு. மீதியை நடந்துகிட்டே கத்துக்கலாம்” என்றது புள்ளியம்மா. ஐந்தும் வரிசையாக ஓடையைத் தாண்டிப் போயின.

செங்கண்ணன் மூன்றாம் முறை வந்தபோது எந்தச் சத்தமும் இல்லை. பஞ்சுச் செருப்பு அவ்வளவு அருமையாக வேலை செய்தது. சருகு கூட அசையவில்லை. அப்படி ஒரு நடையை அது வாழ்நாளில் நடந்ததில்லை. புதரை மெல்ல விலக்கிப் பாய்ந்தது.

உள்ளே நான்கு ஓடுகள் மட்டும் கிடந்தன.

அதில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தது. சூடு இன்னும் ஆறவில்லை. வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தபடி நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

வேலைக்கு ஆயத்தமாவதையே வேலை என்று நினைத்துக்கொள்கிறவன் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

ஓடைக்கு அப்பால் புள்ளியம்மா ஒரு கறையான் புற்றைக் கண்டுபிடித்து, குஞ்சுகளுக்காக மெதுவாகக் கிளறத் தொடங்கியது.