வலி இருக்கா என்று கேட்டார்கள்

மலையடிவாரத்தில் ஒரு யோகா மடம் இருந்தது. உலகம்மை அதன் குரு. மூத்த சிஷ்யை செங்கமலம், குருவைவிட பத்து வயது பெரியவள். குருவாயிற்றே என்று அவள் 'அம்மா' என்பாள். மூத்தவளாயிற்றே என்று குரு அவளை 'அக்கா' என்பார்.

சுற்றிலும் பீடி சுற்றும் ஊர்கள். பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை குனிந்தே இருப்பார்கள். நாற்பது வயதுக்குள் இடுப்பு போய்விடும். செங்கமலமும் அப்படித்தான் மடத்துக்கு வந்தாள். ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாமல் வந்தவள், யோகா பழகி நிமிர்ந்தாள். பிறகு வீட்டுக்குப் போகவில்லை.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பெனிட்டா வந்தார்.

"நாள்பட்ட இடுப்பு வலிக்கு யோகா கேக்குதான்னு பாக்கணும். வலி இருக்கிற பொம்பளைங்களச் சீட்டுப் போட்டு ரெண்டாப் பிரிப்போம். பாதிப் பேர் இங்க யோகா பழகட்டும். மீதிப் பேர் தினமும் நடக்கட்டும். மூணு மாசம், மாசா மாசம் வலி எப்படின்னு கேப்போம். யோகாவுல நல்லாக் குறைஞ்சா, ஆஸ்பத்திரியிலயே யோகாவுக்கு ஒரு கூடம் ஒதுக்குறோம்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்காரு."

குரு சரி என்றார்.

டாக்டர் போனதும் செங்கமலம் பொரிந்தாள்.

"நம்ம யோகாவச் சோதிக்க இவுக யாரும்மா? நீங்க ஏன் சம்மதிச்சீக?"

"உங்களுக்கு யோகா மேல நம்பிக்கை இருக்காக்கா?"

"இதென்ன கேள்வி?"

"பின்ன ஏன் பயப்படுதீக?"

செங்கமலம் எப்படியாவது அந்தக் கூடத்தை வாங்கிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள். பீடித் தட்டோடு எத்தனை பேர் ஆஸ்பத்திரி வாசலில் மாத்திரைக்குக் காத்துக் கிடக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வகுப்பு தொடங்கியது. செங்கமலம்தான் சொல்லிக்கொடுத்தாள். யாரையும் விடமாட்டாள்.

"முதுக நிமித்து. ஏ பேச்சித்தாயி, உன்னையத்தான்."

"நிமிந்தா வலிக்கு, குனிஞ்சா வலிக்குக்கா. நடுவுல எங்கயாவது நிறுத்திக்கிடட்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். செங்கமலம் சிரிக்கவில்லை.

மாதம் முடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்து, மடத்துக் கூடத்தில் குரு உட்கார்ந்திருந்த பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வலியே இல்லன்னா பூஜ்யம். தாங்க முடியலன்னா பத்து. ஒவ்வொருத்தரா வந்து சொல்லுங்க."

முதலில் வந்தவள் குருவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"பூஜ்யம். எல்லாம் அம்மா புண்ணியம்."

அதற்குப் பிறகு யார் வேறு எண்ணைச் சொல்வார்கள்? எல்லாரும் காலைத் தொட்டார்கள். எல்லாரும் பூஜ்யம் என்றார்கள். பேச்சித்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கும் அதேதான்," என்றாள்.

செங்கமலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கூடம் கிடைத்த மாதிரிதான்.

மாலையில் அவள் கடைக்குப் போனபோது, பேச்சித்தாய் பஸ் நிறுத்தத்துப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து இடது காலைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி செய்யுத?"

"மரத்துப் போச்சுக்கா. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரிய மாட்டேங்கு. நாலு நாளா இப்படித்தான்."

"பின்ன ஏன் வலி இல்லன்னு சொன்ன?"

"அம்மா முன்னால எப்படிச் சொல்ல? எல்லாருக்கும் வலி போயி, எனக்கு மட்டும் போகலன்னா? நான் ஒழுங்காச் செய்யலன்னுதான சொல்லுவீக."

சொல்லியிருப்பாள்தான். செங்கமலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் ரெண்டு தடவதான் கேப்பாக. கொஞ்சம் பொறுத்துக்கிடு பேச்சி. கூடம் கிடைச்சா நூறு பேருக்கு நல்லது."

"அந்த நூறு பேருல நான் இல்லையாக்கா?"

பஸ் வந்துவிட்டது. பேச்சித்தாய் இடது காலை இழுத்து இழுத்துப் படியேறினாள்.

செங்கமலம் வாங்கப் போனதை வாங்காமல் மடத்துக்குத் திரும்பினாள். குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"நூறு பேருக்கு நல்லது நடக்கணும்னா, ஒருத்தி கொஞ்ச நாள் பொறுத்துக்கிடலாமா?"

"யாரு அந்த ஒருத்தி?"

செங்கமலம் கீரைக் காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட சொல்ல முடியாதோ?"

"உங்ககிட்டதாம்மா சொல்ல முடியல."

குருவின் கை நின்றது. பிறகு எழுந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்க. நாளைக்குக் காலையிலயே வந்து இன்னொரு தடவ கேக்கச் சொல்லுங்க. அவங்களே வரணும்னு சொல்லுங்க."

மறுநாள் காலையில் பெண்கள் கூடத்துக்குள் வந்து திகைத்து நின்றார்கள். பலகை காலியாக இருந்தது. குரு கீழே, அவர்களுடைய பாய் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் பெனிட்டாவும் திகைத்தார். குரு அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

"வரிசைப்படி கேளுங்க."

டாக்டர் தயங்கிக் கேட்டார். "உங்களுக்கு... இடுப்பு வலி இருக்காம்மா?"

"இருக்கு. நாலஞ்சு வருஷமா இருக்கு. காலையில எந்திரிக்கும்போது ஆறு. குனிஞ்சு எதையாவது தூக்கினா ஏழு."

யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா!" என்றாள் செங்கமலம்.

"வரிசையில பேசக் கூடாதுக்கா. உங்க முறை வரும்."

அடுத்தவள் இடமும் வலமும் பார்த்தாள்.

"எனக்குக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு டாக்டர். பூஜ்யம் இல்ல. நாலுன்னு வச்சுக்கிடுங்க."

அதற்கு அடுத்தவள், "தூக்கம் நல்லா வருது. வலி அப்படியேதான் இருக்கு. நேத்து சும்மா சொன்னேன்," என்றாள்.

"நீயுமா?" என்றாள் பின்னால் இருந்தவள். இப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

பேச்சித்தாயின் முறை வந்தது. அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. செங்கமலத்தைப் பார்த்தாள்.

செங்கமலம் எழுந்தாள்.

"இவ கால முதல்ல பாருங்க டாக்டரம்மா. இடது கால் மரத்துப் போச்சுன்னு நேத்தே எங்கிட்ட சொன்னா. நாந்தான் பொறுத்துக்கிடச் சொன்னேன்."

டாக்டர் கீழே மண்டியிட்டு பேச்சித்தாயின் பாதத்தைப் பிடித்தார்.

"கால் விரல மேல தூக்குங்க."

பேச்சித்தாய் பல்லைக் கடித்தாள். விரல் எழும்பவில்லை. டாக்டரின் முகம் மாறியது. தன் காரிலேயே அவளை ஏற்றினார்.

"ஏ, யாராவது எங்க வீட்டுக்குப் போங்கடி! பீடி இலைய ஊறப் போட்டுட்டு வந்திருக்கேன்!" என்று பேச்சித்தாய் ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டே போனாள்.

சாயங்காலம் டாக்டர் போன் செய்தார். முதுகுத் தண்டில் நரம்பு அழுந்தியிருக்கிறதாம். ஆபரேஷன் வேண்டுமாம். இன்னும் நாள் கடத்தியிருந்தால் கால் தேறுவது கஷ்டமாம்.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றார் டாக்டர். "இதுவரைக்கும் கேட்டது எதுக்கும் ஆகாது. மடத்துல வச்சுக் கேட்டது என் தப்பு. முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். புது ஆளுங்களா எடுக்கணும். ஆஸ்பத்திரியில வச்சுத்தான் கேக்கணும். கேக்குற ஆளுக்கு யார் யோகா பண்ணினா, யார் நடந்தான்னே தெரியக் கூடாது."

"கூடம்?" என்றாள் செங்கமலம்.

"அது அப்புறம்தான்."

செங்கமலம் போனை வைத்துவிட்டுக் குருவிடம் வந்தாள். குரு முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்துச் சாய்ந்திருந்தார். அவர் அப்படிச் சாய்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"எல்லாம் போச்சும்மா. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமாம்."

"ஆரம்பிப்பீகளா?"

"ஆரம்பிப்பேன். எத்தனை தடவன்னாலும் ஆரம்பிப்பேன். பாடம் மட்டும்தான் சொல்லுவேன். வலியப் பத்தி ஒரு பிள்ளைகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்."

"நல்லது."

செங்கமலம் போகவில்லை. தலையணையைச் சரியாக நகர்த்தி வைத்தாள்.

"உங்களுக்கு வலி இருக்குன்னு எங்கிட்டக்கூட ஏம்மா சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கலையேக்கா."

வெளியே கடைசி பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்துச் செங்கமலம் மெதுவாகக் கேட்டாள்.

"திரும்பவும் ஒழுங்காச் சோதிச்சு, நடக்கிறதுதான் இடுப்புக்கு நல்லதுன்னு வந்துட்டா, என்னம்மா செய்ய?"

"மறுநாள் காலையில நாமளும் நடப்போம்," என்றார் குரு.