சிம்மில் வைத்த பால்

கோபத்தை ஜெயித்துவிட்டதாகச் சிவசைலத்துக்கு ஒரு நினைப்பு. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றபின் மங்கையம்மாவின் மடத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். வயதில் குருவைவிட ரொம்பவே மூத்தவர். சீடர்களில் குரலே உயராத ஆள் தான் ஒருவர்தான் என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அடக்கத்தோடு சொல்லிவிடுவார்.

அன்று காலை அவருடைய தம்பி கோமதிநாயகம், மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்து மடத்து வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நான் பார்க்கலைம்மா. அனுப்பிருங்க," என்றார் சிவசைலம்.

"கோபமா?"

"அதெல்லாம் என்னைக்கோ போச்சு. உள்ள ஒரு சத்தமும் இல்ல."

"நல்லது. வந்தவருக்கு ஒரு காபியாவது குடுத்து அனுப்புவோம். பாலை அடுப்புல வைங்க. சிம்ல இருக்கட்டும்."

அவர் பாலை வைத்துத் தீயைக் குறைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

"தம்பி அப்படி என்னதான் பண்ணினார்?" என்று கேட்டார் மங்கையம்மா.

சிவசைலம் நிதானமாகவே ஆரம்பித்தார். தாயாரின் பதினாறாம் நாள் பந்தியில், "பெத்தவ படுத்துக் கிடந்தப்ப எட்டிப் பார்க்காதவனுக்கு இலை ஒரு கேடா?" என்று தம்பி எல்லார் முன்னாலும் கேட்டது. அதற்கு யார் யார் சிரித்தார்கள், இலையில் அப்போது என்ன கூட்டு இருந்தது, எல்லாம் வரிசையாக வந்தது. சொல்லச் சொல்ல அவருக்கே அதில் ஒரு ருசி தட்டியது. நேரம் போனதே தெரியவில்லை.

உள்ளிருந்து தீய்ந்த வாடை வந்தது. எழுந்து ஓடினார். மங்கையம்மாவும் பின்னால் வந்தார்.

"சிம்லதானேம்மா வச்சேன்."

"பொங்குச்சா?"

"இல்ல. மேல ஆடை கட்டி நல்லாத்தான் இருக்கு. அடி பிடிச்சிருச்சு."

மங்கையம்மா பாத்திரத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினார்.

"இதுல தம்பிக்குக் காபி போடலாமா?"

சிவசைலத்துக்கு வெட்கமாக இருந்தது. சமையலறை ஜன்னல் வழியே பார்த்தார். தம்பியின் தலையும் நரைத்திருந்தது.

"வேற பால் இருக்காம்மா?"

"இருக்கு. இந்தத் தடவை தீயைப் பெருசாவே வைங்க. தம்பியையும் உள்ள கூப்பிட்டுப் பக்கத்துல நிறுத்திக்குங்க. பொங்கி வந்ததும் இறக்கிரலாம்."