முதுகுக்கு எழுதிய வசனம்

தமிழே தெரியாத எத்தனையோ நடிகர்களுக்குத் தமிழ் கொடுத்தவர் ஜெபராணி. வெளிநாட்டுப் படங்களைத் தமிழில் பேசவைப்பதுதான் அவர் வேலை. வடபழனிப் பக்கம் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, திரையில் அசைகிற உதட்டுக்குப் பொருந்துகிற மாதிரி வசனம் எழுதுவார். அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள அவரிடம் வந்து சேர்ந்தவர் உலகநாதன். சீடருக்கு ஐம்பது வயது, குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதனால் குரு சீடரை ‘அண்ணே’ என்றும், சீடர் குருவை ‘மேடம்’ என்றும் கூப்பிட்டுக்கொண்டார்கள். இருவருக்கும் அது குறைச்சலாகப் படவில்லை.

உலகநாதன் அடிப்படையில் நாடக ஆசிரியர். ஏழெட்டு நாடகங்கள் மேடையேறியிருக்கின்றன. இப்போது எழுதிக்கொண்டிருந்ததுதான் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. கப்பலில் சமையல்காரனாகப் போன ஒருவன், வருஷக்கணக்கில் ஊர்ப்பக்கமே வராமல் இருந்துவிட்டு, கடைசிக் காட்சியில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். மனைவி கதவைத் திறந்து, ‘ஏன் வரல?’ என்று கேட்கிறாள். அதற்கு மேல் அவன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். உலகநாதன் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். ஒருநாள் ஆத்திரத்தில் அவனைச் சாகடித்தும் பார்த்தார். செத்தும் அவன் பேசவில்லை.

நாடகக் குழுக்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். இந்த வாரக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு நாடகம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். இதையெல்லாம் உலகநாதன் ஜெபராணியிடம் புலம்பாத நாளில்லை.

இந்த நேரம் பார்த்தா அந்தப் படம் வந்து சேர வேண்டும்? எழுத முடியாத ஒரு நாடக ஆசிரியனின் கதை. அறைக்குள் நடக்கிறான். எழுதியதைக் கிழிக்கிறான். யாராவது கதவைத் தட்டினால் திடுக்கிடுகிறான். முடிவில் தெருவில் இறங்கிப் போய்விடுகிறான். ஜெபராணி அதை உலகநாதனிடம் கொடுத்து, “இத நீங்களே முழுசா எழுதிப் பாருங்கண்ணே” என்றிருந்தார்.

கெடு முடிகிற அன்று உலகநாதன் எழுதி முடித்துக் கொண்டுவந்து தாள்களை மேசைமேல் வைத்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“இந்தப் படத்துல என்னையே பாத்துட்டேன். அந்த நடை, அந்த நடுக்கம், எல்லாம் நான்தான். கடைசியில அவன் எழுத்தே வேண்டாம்னு விட்டுட்டுப் போயிடறான். எனக்கும் அதான் முடிவுன்னு தோணுது. குழுவுக்குப் போன் போட்டு, நாடகம் வேண்டாம்னு சொல்லிடவா?”

ஜெபராணி தாள்களைப் புரட்டினார். பிறகு திரையில் ஒரு காட்சியை ஓடவிட்டார்.

“இங்க அவன் என்ன பண்றான்?”

“காப்பி போடறான்.”

“உதடு தெரியுதா?”

“இல்ல. முதுகுதான் தெரியுது.”

“நீங்க நாலு வரி எழுதியிருக்கீங்க.”

டப்பிங்கில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். நடிகர் திரும்பி நின்றால் உதடு தெரியாது. உதடு தெரியாவிட்டால் எதை வேண்டுமானாலும் பேசவைக்கலாம். கதை புரியாத இடத்தில் ஒரு வரி, அரை வரி சேர்த்துக்கொள்வது வழக்கம்.

“நிஜத்துல அவன் என்ன பேசறான்?”

“ஒண்ணும் பேசல மேடம்.”

ஜெபராணி அடுத்த காட்சிக்குப் போனார். ஜன்னலைப் பார்த்தபடி முதுகு. தாளில் ஆறு வரி. அதற்கடுத்து, மாடிப்படியில் முதுகு. அதற்கும் வசனம். அவன் திரும்பிய இடத்திலெல்லாம் உலகநாதன் புகுந்து புலம்பியிருந்தார். எழுதும்போது அவருக்கே தெரியவில்லை. இப்போது காது சுட்டது.

கடைசிக் காட்சி. ஜெபராணி சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிட்டார். அவன் கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான். முதுகு சின்னதாகிக்கொண்டே போனது.

“இதுக்கு எழுதினதப் படிங்கண்ணே.”

உலகநாதன் படித்தார். “என்னால முடியாது. இனிமே எழுதமாட்டேன்.”

“அவன் சொன்னானா?”

“சொல்லல.”

“பின்ன?”

“சும்மா நடந்து போறான்.”

“எங்க போறான்?”

உலகநாதன் இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னார். அவன் தெருமுனையில் திரும்பினான். காகிதம் வாங்கப் போகிறானா, சிநேகிதனைப் பார்க்கப் போகிறானா, காற்று வாங்கப் போகிறானா? படத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

“தெரியல மேடம்.”

“எழுத்த விட்டுட்டுப் போறான்னு சொன்னீங்களே.”

உலகநாதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் தீர்ப்பைத் தானே எழுதி அடுத்தவன் முதுகில் ஒட்டிவிட்டு, அதைப் படித்துப் படித்து நடுங்கியிருக்கிறார். ஆனால் வெட்கத்தோடு நிம்மதியும் வந்தது. யாரும் அவரை இன்னும் தோற்கடிக்கவில்லை.

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். ஒரு தடவை போதாதென்று இன்னொரு தடவையும் அடித்தார்.

அப்போது போன் வந்தது. குழுக்காரர்தான். “என்ன சார் முடிவு?”

“வேற நாடகம் தேட வேண்டாம்” என்றார் உலகநாதன். “கடைசிக் காட்சி நாளைக்கு உங்க கையில இருக்கும்.”

“எழுதிட்டீங்களா?”

“இல்ல. எழுதப்போறேன்.”

போனை வைத்துவிட்டு மற்ற முதுகுகளுக்கு வந்தார். மாடிப்படி வசனம் போயிற்று, ஜன்னல் வசனம் போயிற்று. காப்பி போடுகிற இடத்தில் மூன்று வரியை அடித்தார். நாலாவது வரியில் பேனா நின்றது. ‘பயமா இருந்துச்சு. பயமா இருக்குன்னு சொல்றதுக்கும் பயமா இருந்துச்சு.’

“இது ஒண்ணு மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே மேடம்.”

“அவன் காப்பிதானண்ணே போடறான்.”

“பொய்யா எழுதல. நெஞ்சுலேர்ந்து வந்தது. இத அடிச்சிட்டு நான் வேற எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

ஜெபராணி அந்த வரியை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

“நல்ல வசனம்ண்ணே. பொண்டாட்டிக்குப் பதில் சொல்ல முடியாம வாசல்ல ஒருத்தன் முகத்தக் காட்டிக்கிட்டு நிக்கிறான்ல, அவன்கிட்ட குடுங்க.”